ஆணைக்கு முன் ஐந்து நாள்

கொமோரிசாவா
2008 நவம்பர் 4

கென்சாகு,

குளிர் கூடிவரும் இந்த நாளில் நலமா என்று விசாரித்துத் தொடங்க எனக்குப் பொறுமை இல்லை. நலமாகத்தான் இருப்பாய். போன வாரம் உங்கள் மாகாண அலுவலகத்தின் ஆறாவது மாடியில், விசாரணை மேசைக்கு அந்தப் பக்கம், உன்னைப் பார்த்தேனே. கழுத்துப்பட்டை கூடக் கசங்கவில்லை.

ஆணை நேற்று வந்து சேர்ந்தது. பட்டறை கட்டத் தந்த மானிய ஒப்பளிப்பு ரத்தாம். ஒரு கோடியே நாற்பது லட்சம் யென்னையும், அதற்கு மேல் கூடுதல் தொகையையும், பிப்ரவரி கடைசிக்குள் திருப்பிக் கட்ட வேண்டுமாம். டோஃபு பட்டறையை விற்றால்தான் கட்ட முடியும் என்பது உனக்குத் தெரியும். விற்றால் அங்கே வேலை செய்யும் ஏழு பேரும் வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான். உங்கள் ஏட்டில் அவர்கள் 'அறிவுத்திறன் குறைபாடு உடையோர்'. எனக்கு அவர்கள் என் மகள் அயாகோவும் அவளுடைய ஆறு கூட்டாளிகளும். இந்த மலையூரில் அவர்களை வேலைக்கு வைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

நடந்ததை நீ மறந்துவிட்டதாகச் சொன்னாய். நினைவுபடுத்துகிறேன். 2006 ஜூன் முதல் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி. நீ போன் செய்தாய். என் கையெல்லாம் சோயா மாவு. அதனால் அயாகோ ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். நீ சொன்னாய்: "அக்கா, உள்ளறிவிப்பு வந்துடுச்சு. மானியம் உறுதி. நெமோட்டோ மேஸ்திரிகிட்ட ஒப்பந்தம் போட்டுடுங்க. ஆணை ஒரு வாரத்துல தானா வந்து சேரும்."

மறுநாள் தாய்அன், ஆறு நாளைக்கு ஒருமுறை வரும் முழு நல்ல நாள். நெமோட்டோ தாய்அன் அல்லாத நாளில் எந்தத் தாளிலும் முத்திரை வைக்க மாட்டார். அன்றைக்கே வைத்தோம். மானிய ஒப்பளிப்பு ஆணையின் தேதி ஜூன் 7. ஐந்து நாள் முந்திவிட்டோம் என்று இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

நீ போன் செய்ததை ஒப்புக்கொள். நான் கேட்பது இவ்வளவுதான். அலுவலகமே தொடங்கச் சொன்னது என்று தெரிந்தால் ரத்தை மறுபடி பரிசீலிப்பார்கள் என்று பிரிவுத் தலைவர் ஒகிட்சு உன் முன்னாலேயே சொன்னார். நீ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மிட்சுயோ

•

2008 நவம்பர் 11

அக்காவுக்கு,

மலையில் முதல் பனி விழுந்திருக்கும். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சில சொற்களைச் சரியாகப் புரிந்துகொண்டால் இந்த முடிவு யாருடைய பகையாலும் வந்ததல்ல என்பது விளங்கும். விண்ணப்பதாரர்களுக்கான கையேட்டின் கடைசிப் பக்கங்களில் சொல்விளக்கம் உண்டு. அதை எழுதியவன் நான்தான்.

உள்ளறிவிப்பு என்பது வாக்குறுதி அல்ல. உங்களுக்கென்று நிதியில் இடம் வைத்திருக்கிறோம், முறையான விண்ணப்பத்தை அனுப்புங்கள் என்று அலுவலகம் முன்கூட்டித் தெரிவிப்பது மட்டுமே. ஒப்பளிப்பு ஆணை என்பது ஆளுநரின் முத்திரை பெற்ற தாள். அந்தத் தேதிக்கு முன்னால் செய்தது எதுவும் மானியக் கணக்கில் சேராது. வேலைத் தொடக்கம் என்பது மண்வெட்டி மண்ணில் பட்ட நாள் அல்ல, ஒப்பந்தத்தில் முத்திரை வைத்த நாள். ஆணை வருவதற்குள் தொடங்கியே தீர வேண்டும் என்றால் முன்தொடக்க அறிவிப்பு என்று ஒரே ஒரு தாள் இருக்கிறது. காரணம் எழுதி, முத்திரை வைத்து அனுப்பியிருந்தால் ஜூன் 2 செல்லுபடியாகி இருக்கும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். அடுத்த தாய்அன் ஜூன் 8. ஆணைக்கு மறுநாள். இன்னும் ஆறு நாள் பொறுத்திருந்தால் நல்ல நாளும் கிடைத்திருக்கும், மானியமும் நின்றிருக்கும்.

தொலைபேசியில் பேசியது பற்றி: அந்த வாரம் பல பயனாளிகளுடன் பேசினேன். யாரிடம் என்ன சொன்னேன் என்று உறுதியாக நினைவில்லை.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கென்சாகு

•

2008 நவம்பர் 15

கென்சாகு,

அடேயப்பா, பயனாளி! பிறந்ததிலிருந்து உனக்கு நான் அக்கா. ஒரே கடிதத்தில் பயனாளி ஆகிவிட்டேன்.

உன் கையேடு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை நான் படிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். என் தம்பி அந்த அலுவலகத்தில் இருக்கிறான், அவனுக்குத் தெரியாதா என்று படிக்கவில்லை. நாள் பார்த்ததும் என் தப்புதான், வைத்துக்கொள். ஆனால் ஒரே ஒரு தாள் இருக்கிறது என்கிறாயே, அந்தத் தாளை அன்று போனில் ஏன் சொல்லவில்லை? சொல்விளக்கம் எழுதியவனுக்கே அந்தச் சொல் அன்றைக்கு வாயில் வரவில்லையா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோயாப் பால் பொங்கி வழிந்தது.

யாரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லையாம். நினைவிருக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

விசாரணைக்கு அயாகோவை நான் சாட்சியாகக் கூட்டிவரவில்லை. வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால் கூட்டிவந்தேன். மூலையில் கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள். "அப்படி நான் சொன்ன ஞாபகம் இல்லை" என்று நீ சொன்னதும் எழுந்தாள். முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக, தெரியாத மனிதர்கள் ஆறு பேர் முன்னால் வாயைத் திறந்தாள். அவளுக்குக் கூட்டல் வராது, பேருந்து மாறத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த பேச்சு ஒரு எழுத்து விடாமல் அப்படியே நிற்கும். நம் அப்பா சாகும் முன் சொன்னதை அவளைத்தானே நீ திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாய்?

அன்றைக்கும் சொன்னாள். "அக்கா, உள்ளறிவிப்பு வந்துடுச்சு" என்று தொடங்கி, நடுவில் நீ தொண்டையைச் செருமியது உட்பட, முழுவதும். ஒகிட்சு பேனாவைக் கூட எடுத்துவிட்டார்.

அப்போது நீ என்ன சொன்னாய்? உனக்கு நினைவில்லை என்றால் நான் சொல்கிறேன். "மன்னிக்கணும். என் அக்கா மகளுக்கு மூளை வளர்ச்சி போதாது. வீட்ல சொல்லிக்கொடுத்ததையும் டிவியில கேட்டதையும் கலந்து சொல்லுவா. அவ பேச்சைக் குறிப்புல ஏத்த வேண்டாம்."

ஒகிட்சு பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கக்கூட இல்லை யாரும், தலையை ஆட்டிக்கொண்டார்கள். அயாகோ உட்கார்ந்தாள்.

உன் கையேட்டில் இதற்கு என்ன சொல் போட்டிருக்கிறாய்?

மிட்சுயோ

•

2008 டிசம்பர் 8

அக்காவுக்கு,

ஆண்டுக் கடைசி வேலைகளில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். என் மனைவி ரியோகோ வழக்கம்போல ஆண்டிறுதிப் பரிசு தனியாக அனுப்பியிருக்கிறாள். அயாகோவுக்குப் பிடித்த பன்றித் தொடைக்கறிதான்.

அவளை நான் அவமதிக்க நினைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அவளைக் கேள்வி கேட்டுக் குடைவார்கள், அவள் தாங்கமாட்டாள் என்றுதான் குறுக்கிட்டேன். அதை அவளுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

திருப்பிச் செலுத்துவதைத் தவணையாக மாற்றக் கேட்டு ஒரு மனு கொடுக்க வழி உண்டு. படிவம் இணைத்திருக்கிறேன். 'தவறிழைத்த தரப்பு' என்ற கட்டத்தில் உங்கள் அமைப்பின் பெயரை எழுத வேண்டும். அது வெறும் நடைமுறைச் சொல். மனதில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கென்சாகு

•

2008 டிசம்பர் 14

கென்சாகு,

கறிப் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரியோகோ போனில் அழுதாள். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். படிவத்தை அடுப்பில் போட்டேன்.

அயாகோவைக் காப்பாற்றக் குறுக்கிட்டாயாம். காப்பாற்றிய லட்சணத்தைக் கேள்.

எங்கள் பட்டறையில் அவளுக்கு என்ன வேலை என்று எட்டிப்பார்த்ததுண்டா நீ? வெப்பமானியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வது. எழுபத்தைந்து என்று அவள் கத்தினால்தான் அவள் கூட்டாளி தொமோகி பாலில் நிகாரியை ஊற்றுவான். அதை ஊற்றினால்தான் பால் திரிந்து டோஃபு ஆகும். சூடு கூடினாலும் குறைந்தாலும் அன்றைய கொப்பரை வீண். எட்டு வருஷமாக, பழைய கொட்டகையில் இருந்தபோதிலிருந்தே, அவள் குரலை நம்பித்தான் ஊரே டோஃபு தின்றது.

இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? "எழுபத்தஞ்சு" என்கிறாள். உடனே என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். "எழுபத்தஞ்சுதானேம்மா? நான் சரியாத்தான் படிக்கிறேனா? டிவியில கேட்டதைச் சொல்றேனா?" நான் ஓடிப்போய்ப் பார்த்துச் சொல்வதற்குள் எண்பது ஆகிவிடுகிறது. இந்த மாதம் மட்டும் நாலு கொப்பரை கொட்டினோம். தொமோகி கோபத்தில் கரண்டியை எறிந்தான். அதற்கும் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் "எனக்குப் பசிக்குதுன்னு நினைக்கிறேன், சரியா?" என்று கேட்கிறாள். பசியைக்கூட அவளால் நம்ப முடியவில்லை. மானியம் போகட்டும், கட்டடம் போகட்டும். அவள் காதையும் அவள் வாயையும் நீ அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். அதைத் திருப்பிச் செலுத்த எத்தனை தவணை?

மிட்சுயோ

•

2009 ஜனவரி 20

அக்கா,

புத்தாண்டு அட்டைகளில் உங்களுடையது இல்லை. அயாகோவுடையது மட்டும் வந்தது. இந்த ஆண்டுக்குரிய காளை மாட்டின் படம் வரைந்து, கீழே ஒன்றும் எழுதாமல் அனுப்பியிருக்கிறாள். மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரியோகோ கேட்டாள். அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

அன்று உள்ளறிவிப்புப் பட்டியலில் உங்கள் பட்டறையின் பெயரைப் பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. முப்பத்தேழு வருஷம் ஊரார் எல்லோருக்கும் மானியம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அக்காவுக்கு ஒன்றும் செய்ததில்லை. நல்ல சேதியை நானே முதலில் சொல்ல வேண்டும் என்ற ஆசை. விதிப்படி உள்ளறிவிப்பைத் தொலைபேசியில் சொல்லவே கூடாது, அதிலும் சொந்தக்காரருக்கு. முன்தொடக்க அறிவிப்பு அன்றிரவே நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டால் நான் முன்னதாகச் சொன்னது வெளியே தெரிந்துவிடுமே என்று விட்டுவிட்டேன். ஐந்து நாள்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

விசாரணையில் அயாகோ வாயிலிருந்து என் குரலே வந்தது. யோசிக்கவே இல்லை, அக்கா. அந்த வார்த்தைகள் தானாக வந்தன.

மார்ச் 31 அன்று ஓய்வு பெறுகிறேன். ஏப்ரலில் ஓய்வுத்தொகை கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை, தொகையில் பாதிகூட மிஞ்சாது. வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. ரியோகோவுக்கும் உடம்பு சரியில்லை. ஏப்ரல் வரை மட்டும் பொறுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கென்சாகு

•

2009 பிப்ரவரி 3

கென்சாகு,

பிப்ரவரி கடைசியில் பட்டறை போய்விடும். நீ ஏப்ரலில் வாய் திறக்கிறேன் என்கிறாய். முடிந்ததற்கு அப்புறம் வந்து விளக்கைப் பிடிக்கிறேன் என்கிறாய். இதற்கு நினைவில்லை என்றே சொல்லியிருக்கலாம். அப்போதாவது என் தம்பிக்கு வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று என்னை ஏமாற்றிக்கொண்டிருப்பேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒகிட்சுவிடம் நான் காட்டலாம். இரண்டு தடவை ரயில் நிலையம் வரை போனேன். சீட்டுக்கூட வாங்கினேன். உன்னைக் காட்டிக்கொடுக்க என்னால் முடியவில்லை. அதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. என் மகளை நீ அத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுத்தாய், நான் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறேன். எனக்கென்ன பைத்தியமா?

கட்டடத்தை ஒரு டயர் வியாபாரி கேட்கிறான். கிடங்குக்காம். கொப்பரையைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறான்.

மிட்சுயோ

•

2009 மார்ச் 5

அக்கா,

பட்டறை கைமாறிவிட்டது என்று நெமோட்டோ மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். நான்தான் அவருக்குப் போன் செய்தேன். அதைச் சொல்லி, திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரலில் எழுதிக் கொடுத்தாலும் இனி என்ன பயன் என்று தெரியவில்லை. விற்றது விற்றதுதான். நானாக மாற்றக்கூடியது ஒன்று மட்டும் இருக்கிறது. நீங்கள் டிசம்பரில் எழுதியது என்னைத் தூங்கவிடவில்லை. அயாகோவுக்கு ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். கஷ்டமான சீன எழுத்து ஒன்றுகூட இல்லாமல், அவளே படிக்கும்படி எழுதியிருக்கிறேன். அவளிடம் கொடுங்கள். இதோடு அவள் மனது ஆறினால் எனக்குப் போதும்.

கென்சாகு

(இணைப்பு)

அயாகோ,
நீ சொன்னது உண்மை.
மாமா போனில் அப்படித்தான் சொன்னேன்.
நீ டிவியில் கேட்கவில்லை. உன் காது நல்ல காது.
அன்றைக்குப் பொய் சொன்னது மாமா.
என்னை மன்னித்துவிடு.
மாமா

•

2009 மார்ச் 12

கென்சாகு,

கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படித்தாள். அரைமணி நேரம் ஆனது. நான் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். என்னால் திரும்ப முடியவில்லை. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

படித்து முடித்து, மடித்து, உறையிலேயே போட்டு என்னிடம் நீட்டினாள்.

"இது மாமாவுக்குத் திருப்பி அனுப்பும்மா. தப்பா எனக்கு வந்துடுச்சு."

"உனக்குத்தான்டி எழுதியிருக்கார். மேல உன் பேர் இருக்கு பாரு."

"நான் சொன்னது உண்மைன்னு எனக்கு எதுக்கு எழுதணும்? நான்தான் அங்க இருந்தேனே. அந்த ஆறு பேருக்குத்தான் தெரியாது. அவங்களுக்கு எழுதச் சொல்லு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரியா என்று கேட்கவில்லை. அக்டோபருக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

ஆகவே உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த ஆறு பேரின் பெயரையும் விசாரணை அழைப்பாணையைப் பார்த்து எழுதி அதே உறைக்குள் வைத்திருக்கிறேன், ஒகிட்சு முதலில். உன் ஓய்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

மிட்சுயோ